நான் திருத்திக் கொடுத்த தீர்மானம்

என் மகள் தன் கல்யாணத்துக்காக என்னிடம் கேட்டது ஒன்றுதான்: காலனி மண்டபம்.

"அந்த ஹால்லதான் நான் டேபிள் டென்னிஸ் கத்துக்கிட்டேன். அங்கேயே இருக்கட்டும். பெரிய கல்யாண மண்டபமெல்லாம் நக்கோ அப்பா," என்றாள். செகந்தராபாத் திருமுல்கேரியில் பிறந்து வளர்ந்தவள். வேண்டாம் என்பதை அவள் தமிழில் சொல்லி நான் கேட்டதில்லை.

அந்த மண்டபம் அவளுக்குக் கிடைக்கவில்லை. அதற்குக் காரணம் நான். எனக்குத் துணை நின்றவர்கள் அதே மண்டபத்தில் ஞாயிறுதோறும் கூடிய ஒரு சிந்தனை வட்டத்தினர். முப்பத்தாறு வருடம் மத்திய அரசு நிறுவனம் ஒன்றின் நிர்வாகப் பிரிவில் குறிப்புகள் எழுதியவன் என்பதால், இதில் யார் பங்கு எவ்வளவு என்பதையும் எழுதி வைத்துவிடுகிறேன். வேறு யாரும் எழுதமாட்டார்கள். அவர்கள் எழுதுவதையெல்லாம் நான்தான் எழுதிக்கொடுத்துக்கொண்டிருந்தேன்.

வட்டத்தின் தலைவர் ஓய்வுபெற்ற விஞ்ஞானி. எந்த உலோகம் எந்த வெப்பத்தில் விரிசல் விடும் என்று வாழ்நாள் முழுவதும் ஆராய்ந்தவர். ஓய்வுக்குப் பிறகு அதே கேள்வியைச் சமூகத்தைப் பார்த்துக் கேட்கத் தொடங்கினார். கெட்டவர் அல்ல. என் மனைவிக்கு ஒருமுறை மூச்சுத் திணறல் வந்தபோது, விடியுமுன் காரை எடுத்துக்கொண்டு வந்து மருத்துவமனை வாசலில் நிறுத்தியவர் அவர்தான். நல்லவர்கள் ஒன்றுகூடிச் செய்கிற காரியங்களைப் பற்றித்தான் எனக்குப் புகார்.

அவருக்கு அடுத்தபடி ஓர் ஆங்கிலப் பேராசிரியர், அவரும் ஓய்வுபெற்றவர். மேல்நாட்டுச் சிந்தனையாளர் ஒருவர் சொன்னதாக எதையாவது சொல்லாமல் அவரால் பிஸ்கட்டைக்கூட எடுக்க முடியாது. மற்றவர்கள் பதினைந்து இருபது பேர், எல்லோரும் பென்ஷன்காரர்கள், பெரும்பாலும் தமிழர்கள். பிள்ளைகள் வெளிநாட்டிலோ மாதாப்பூர் பக்கத்து அடுக்குமாடியிலோ இருப்பார்கள். வீட்டில் பேச ஆளில்லை. ஞாயிறு காலை பத்து மணிக்கு ஃபிளாஸ்க் காபியும் உஸ்மானியா பிஸ்கட்டும் வைத்தால் நாகரிகத்தின் வீழ்ச்சியைப் பற்றி யாரும் இரண்டு மணி நேரம் பேசுவார்கள்.

நான் செயலாளர். யாரும் தேர்ந்தெடுக்கவில்லை. முதல் கூட்டத்தில் நடவடிக்கைக் குறிப்பு யார் எழுதுவது என்று கேட்டபோது எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நானும் மறுக்கவில்லை. குறிப்பில்லாமல் ஒரு கூட்டம் நடப்பதைப் பார்த்துக்கொண்டு என்னால் சும்மா இருக்க முடியாது.

முதல் வருடம் எல்லாம் சரியாகவே போயிற்று. குடிநீர் பற்றி ஒரு ஞாயிறு, மொழிக்கொள்கை பற்றி ஒரு ஞாயிறு. பிறகு பேச்சாளர்களை வெளியிலிருந்து அழைத்தார்கள். அவர்கள் எதையும் அடித்துச் சொல்லவில்லை. கேள்விதான் கேட்டார்கள். நம் குழந்தைகளுக்கு நம்மைப் பற்றி ஏன் தெரியவில்லை? சட்டம் ஏன் குடும்பத்துக்குள் நுழைகிறது? கேள்வி கேட்பதில் என்ன தப்பு என்று பேராசிரியர் கேட்பார், அதுவும் ஒரு கேள்வி. இந்த வாரம் கேள்வியாக வந்தது அடுத்த வாரம் கவலையாக வரும். மூன்றாவது வாரம் 'பரவலாக நிலவும் கவலை' என்று நானே குறிப்பில் எழுதுவேன். பரவல் என்பது பதினெட்டு நாற்காலிகள். காகிதத்தில் அதைப் படிப்பவனுக்கு நாடே தூக்கமில்லாமல் தவிப்பதாகத் தோன்றும். அப்படித் தோன்றும்படி எழுதுவதில் எனக்குப் பயிற்சி உண்டு.

இரண்டாம் வருடம் கடைசி வரிசையில் ஒருவர் வந்து உட்காரத் தொடங்கினார். நாற்பது வயதிருக்கும். சித்தூர்க்காரர், தமிழ் நன்றாக வரும். ஒரு கட்சியில் ஏதோ பொறுப்பில் இருப்பதாகச் சொன்னார்கள். முன்னால் வாருங்கள் என்று எத்தனை முறை சொன்னாலும் வரமாட்டார்.

"பரவாயில்ல சார். நாங்க கேக்க வந்தவங்க. பேசறது பெரியவங்க வேலை," என்பார். கூட்டம் முடிந்ததும் என்னிடம் வருவார். "சார், மினிட்ஸ் சாஃப்ட் காப்பி கிடைக்குமா?"

அனுப்பினேன். என் குறிப்புகளை முப்பத்தாறு வருடத்தில் யாரும் விரும்பிக் கேட்டதில்லை.

போன வருடம் ஆகஸ்ட் மழையில் ஒரு ஞாயிறு, குடும்பம் என்னும் அமைப்பு பற்றிய பேச்சு. பேராசிரியர் சொன்னார்: "ஒரு பழக்கம் ஐந்நூறு வருஷம் நிலைச்சிருக்குன்னா அதுக்குள்ள ஒரு அறிவு இருக்கும். நமக்குப் புரியலைங்கறதுக்காக அதைத் தூக்கி எறியக்கூடாது."

"கொசுவும் ரொம்ப வருஷமா நிலைச்சிருக்கு சார்," என்றேன்.

எல்லோரும் சிரித்தார்கள். பேராசிரியரும் சிரித்தார். "உங்களுக்கு எல்லாமே ஃபைல்தான் சார். நோட் போட்டு மேல அனுப்பிடுவீங்க."

எங்கள் வட்டத்தில் மாற்றுக்கருத்து இப்படித்தான் முடியும். சிரிப்பார்கள், காபி வரும், அவர்கள் நினைத்தது நிறைவேறும்.

காபிக்குப் பிறகு தலைவர் ஒரு தீர்மானத்தை வாசித்தார். 'நமது பண்பாட்டைப் பேணும் பொருட்டு, குடும்பத்தின் ஆசி இல்லாத திருமணங்களுக்குக் காலனி மண்டபம் இடமளிக்கலாகாது.' காலனிச் சங்கத்துக்கும் அவர்தான் தலைவர்; அதன் செயற்குழுவில் எங்கள் வட்டத்தினர் ஐந்து பேர் இருந்தார்கள். இங்கே நிறைவேறினால் அங்கேயும் நிறைவேறும்.

எனக்கு அந்தத் தீர்மானம் பிடிக்கவில்லை. வயதுவந்த இருவர் கல்யாணம் செய்துகொள்ள மூன்றாமவர் அனுமதி எதற்கு என்பது என் எண்ணம். இன்றைக்கும் அதுதான். ஆனால் அன்றைக்கு நான் எழுந்து நின்று சொன்னது அது அல்ல.

"ஆசின்னா என்ன சார்? யார் குடும்பம், பையன் வீடா, பொண்ணு வீடா? அப்பா சரின்னு சொல்லி அம்மா வேண்டாம்னா? ஆசி இருக்குன்னு எப்படி நிரூபிக்கறது? நாளைக்கு ஒருத்தன் எதிர்த்துக் கேட்டா அஞ்சு நிமிஷம் நிக்காது இது."

அபத்தம் என்று காட்டுவதாகத்தான் நினைத்துக்கொண்டேன். தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ரொம்பச் சரி. அதுக்குத்தான் சார் நீங்க வேணும்கறது. நிக்கற மாதிரி எழுதிக் குடுங்களேன்."

எழுதிக் கொடுத்தேன். அன்று மாலையே, டீ ஆறுவதற்குள். இதைக் கேட்பவர்கள் என்னை நம்புவதில்லை. பிடிக்காத ஒன்றை எதற்கு எழுத வேண்டும்? அலுவலகத்தில் இருந்தவனுக்குப் புரியும். மேலதிகாரியின் முடிவு முட்டாள்தனமாக இருக்கலாம், அது நம் பொறுப்பில்லை. அதன் வாசகம் தளர்வாக இருந்தால் அது நம் அவமானம். நான் நான்கு பிரிவுகள் எழுதினேன். ஒன்று, மண்டபம் கோரும் விண்ணப்பத்தில் இரு தரப்புப் பெற்றோரின் பெயரும் நிரந்தர முகவரியும் இருக்க வேண்டும். இரண்டு, விண்ணப்பம் கிடைத்த மூன்று வேலை நாட்களுக்குள் அவர்கள் இசைவு கேட்டு ஒப்புகை அட்டையுடன் பதிவுத் தபால் போக வேண்டும். மூன்று, எழுத்து மூலமான இசைவு வராவிட்டால் மண்டபம் இல்லை. நான்கு, இவ்விதிகளிலிருந்து எவருக்கும் எக்காரணம் கொண்டும் விலக்கு அளிக்கப்படமாட்டாது.

நான்காவதுதான் எனக்கு மிகவும் பிடித்தது. விதிவிலக்கு என்பது சிபாரிசுக்கு வைக்கிற கதவு என்று நான் சேவைக்காலம் முழுவதும் சொல்லிவந்தவன்.

அடுத்த ஞாயிறு அதை வாசித்தபோது கைதட்டினார்கள். கடைசி வரிசைக்காரர் வழக்கம்போல வந்தார். "சாஃப்ட் காப்பி, சார்?"

நவம்பரில்தான் மகள் எங்களிடம் சொன்னாள். பேகம்பேட்டில் அவளோடு வேலை பார்க்கும் பையன், நாகர்கோவில் பக்கம், கிறிஸ்தவர். அப்பா இல்லை. அம்மா பள்ளிக்கூட ஆசிரியை. எங்களுக்கு ஆட்சேபம் இல்லை. என் மனைவி பையனைப் பார்த்த அரை மணி நேரத்தில் அவனுக்கு எந்தக் குழம்பு பிடிக்கும் என்று தெரிந்துகொண்டுவிட்டாள்.

ஒரு சிக்கல் இருந்தது. பையனின் அம்மாவுக்குத் தெரியாது.

"அத்தைகிட்ட போன்ல சொன்னா கட் பண்ணிடுவாங்களாம்," என்றாள் மகள். பார்த்திராத பெண்மணியை அதற்குள் அத்தையாக்கியிருந்தாள். "கிறிஸ்மஸுக்கு இவன் ஊருக்குப் போவான். சர்ச்சுக்குப் போயிட்டு வந்து, சாப்பிட்டு, அவங்க நல்ல மூடுல இருக்கும்போது நேர்ல சொல்லுவான். அதுவரைக்கும் அவங்க காதுக்குப் போகக்கூடாது. ஓகேவா அப்பா? ப்ளீஸ்."

"நான் யார்கிட்ட சொல்லப் போறேன்?" என்றேன்.

கல்யாணம் பிப்ரவரியில். முகூர்த்த மாதத்தில் மண்டபம் சீக்கிரம் போய்விடும் என்று மறுநாளே சங்க அலுவலகத்துக்குப் போனேன். என் நான்கு பிரிவுகள் எனக்கு மறக்கவில்லை. மண்டப விதியை மாற்ற சங்கத்தின் பொதுக்குழு ஒப்புதல் தர வேண்டும், பொதுக்குழு மார்ச்சில்தான் கூடும். ஆகவே விதி இன்னும் அமலுக்கு வரவில்லை. இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. சங்கத்தின் துணைவிதிகளை எழுதியவர்களைவிட எனக்கு அவை நன்றாகத் தெரியும்.

அலுவலகத்தில் இருந்த பெண் விண்ணப்பத்தைக் கொடுத்தாள். புது அச்சு. மணமகன் பெற்றோர் பெயர், நிரந்தர முகவரி என்று ஒரு கட்டம் இருந்தது. மார்ச்சுக்காக முன்கூட்டியே அச்சடித்துவிட்டார்கள் போலும் என்று நினைத்தேன். விட்டுவிட்டு வந்திருக்கலாம். அவள் பார்க்கக்கூட மாட்டாள், செல்போனில் இருந்தாள். ஆனால் காலியாக ஒரு கட்டத்தை விட்டு நான் எந்தப் படிவத்திலும் கையெழுத்துப் போட்டதில்லை. பையனுக்கு போன் செய்து முகவரி கேட்டேன். "கல்யாணக் கார்டு அனுப்பணும்ல, அதுக்கா அங்கிள்?" என்று கேட்டுவிட்டுச் சொன்னான். பின்கோடு உட்பட எழுதினேன், அச்செழுத்துப்போல.

செயற்குழு அந்த விதியை செப்டம்பரிலேயே சுற்றறிக்கை மூலம் நிறைவேற்றியிருந்தது. அவசர விஷயங்களுக்கு என்று அப்படி ஒரு வழி உண்டு. தண்ணீர்த் தொட்டி உடைந்தால் பொதுக்குழு வரை காத்திருக்க முடியாது என்பதற்காக வைத்த வழி. பண்பாடும் உடைந்த தொட்டிதான் என்று தலைவர் முடிவு செய்திருக்கிறார். அவர்கள் நடைமுறையை மதிப்பார்கள் என்று நான் நம்பியிருந்தேன்.

மூன்றாம் வேலை நாள் தபால் போய்விட்டது. எனக்குத் தெரிந்தது அதன் மறுநாள், என் பங்குக்கான பதிவுத் தபால் என் வீட்டுக்கு வந்தபோது. என் மகளின் திருமணத்துக்கு நான் இசைகிறேனா என்று என் வாசகத்திலேயே என்னைக் கேட்டிருந்தார்கள்.

தலைவர் வீட்டுக்கு ஓடினேன். வேகமாக நடந்தேன் என்று எழுதலாம், ஆனால் ஓடினேன்.

"அந்தத் தபாலை நிறுத்தணும் சார். என் பொண்ணு விஷயம். போஸ்ட் ஆபீஸ்ல திரும்ப வாங்கறதுக்கு வழி இருக்கு. அனுப்பினவங்க எழுதிக் கொடுக்கணும். லெட்டர் நான் டைப் பண்ணிட்டேன், நீங்க கையெழுத்து மட்டும் போடுங்க."

அவர் உட்காரச் சொன்னார். தண்ணீர் கொடுத்தார். உண்மையாகவே வருத்தப்பட்டார். "எனக்குப் போடணும்னுதான் இருக்கு. ஆனா நாலாவது பிரிவு இருக்கே. எவருக்கும், எக்காரணம் கொண்டும். ஒரு ஓட்டை வெச்சிருக்கக் கூடாதா சார் நீங்க?"

"பொதுக்குழு ஒப்புதலே இல்லாத விதி அது."

"அதை மார்ச்சில கொண்டு வாங்க. குறிப்புல ஏத்திடலாம்."

பையனின் அம்மா வேலை செய்யும் பள்ளியிலேயே தபால்காரர் அவரைப் பிடித்துக் கையெழுத்து வாங்கியிருக்கிறார். ஆசிரியர்கள் அறையில் எல்லோர் முன்னாலும் பிரித்திருக்கிறார். செகந்தராபாத்தில் யாரோ ஒரு சங்கம், அவர் பிள்ளையின் கல்யாணத்துக்கு அவருக்குச் சம்மதமா என்று பதினைந்து நாட்களுக்குள் தெரிவிக்கும்படி கேட்கிறது. பையன் அன்று மாலையே விமானம் ஏறினான். கதவைத் திறந்துவிட்டு அவர் சொன்னதை அவன் எங்களிடம் அப்படியே சொன்னான்: "எவனோ ஒரு கமிட்டிக்காரன் எழுதித்தான் உனக்க கல்யாணம் எனக்குத் தெரியணுமாக்கும்?" அதற்குப் பிறகு அவனோடு அவர் பேசவில்லை. கிறிஸ்மஸுக்கும் பேசவில்லை. சங்கத்துக்கு மட்டும் ஒரு வரி பதில் அனுப்பினார்: 'எனக்கு எதுவும் தெரியாது.' மூன்றாம் பிரிவின்படி அது இசைவு ஆகாது.

கடிதத்தின் நகலை மகள் சாப்பாட்டு மேஜைமேல் வைத்தாள்.

"இது நீங்க எழுதினதா?"

பொய் சொல்ல வழியில்லை. அவளுடைய பள்ளி விடுப்புக் கடிதங்களிலிருந்து பாஸ்போர்ட் விண்ணப்பம் வரை எல்லாவற்றையும் எழுதியது நான். என் நடை அவளுக்குத் தெரியும்.

"ஆமா."

"உங்களுக்கு இதுல நம்பிக்கை இருக்கா?"

"இல்ல. அன்னிக்கும் இல்ல."

"அப்ப கைக்கு எழுதினீங்க?" கோபம் வந்தால் அவளுக்கு 'ஏன்' மறந்துபோய் ஹைதராபாத் உருதுவின் 'கைக்கு' வந்துவிடும்.

"அவங்க எழுதினது மோசமா இருந்தது."

அவள் சிரிப்பாள் என்று ஒரு கணம் நினைத்தேன். வட்டத்தில் சிரித்திருப்பார்கள்.

"மோசமாவே விட்டிருக்கலாமே அப்பா," என்றாள். "ஓட்டையா இருந்திருந்தா நான் அதுல நுழைஞ்சு போயிருப்பேனே." நகலை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு ஆபீசுக்குக் கிளம்பிப் போனாள்.

என் மனைவி தட்டை எடுத்தாள். "கொலைக்குக் கத்தியைத் தீட்டிக் குடுத்துட்டு, எனக்குக் கொல்றதுல உடன்பாடு இல்லைன்னு சொல்றீங்க," என்றாள். அவள் வட்டத்தின் ஒரு கூட்டத்துக்கும் வந்ததில்லை. பெண்களுக்கும் அனுமதி உண்டு என்று நான் குறிப்பில் எழுதியிருக்கிறேன்.

அடுத்த ஞாயிறு ஆறு பக்கக் குறிப்போடு போனேன். அவசர வழியைத் தவறாகப் பயன்படுத்தியது, துணைவிதி மீறல், எல்லாம் எண் போட்டு. இரண்டாம் பக்கத்திலேயே பேராசிரியர் கையைத் தூக்கினார்.

"சார், உங்க வலி புரியுது. ஆனா சொந்த விஷயத்தை இங்க கொண்டு வரலாமா? இது சிந்தனை வட்டம்."

"இதுவரைக்கும் நாம சிந்திச்சதெல்லாம் அடுத்தவங்க சொந்த விஷயம்தானே சார்?" என்றேன்.

இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. தலைவர், "செயலாளரின் மறுப்பு பதிவு செய்யப்பட்டது," என்றார். அந்த வாசகத்தை அவருக்குச் சொல்லிக்கொடுத்தவன் நான். ஒருவரை வெளியே தள்ளாமல் வெளியே தள்ள அதைவிட நல்ல வாசகம் கிடையாது. நடவடிக்கைப் புத்தகத்தை மேஜைமேல் வைத்துவிட்டு வந்தேன். பிறகு போகவில்லை.

ஜனவரியில் கடைசி வரிசைக்காரருடைய கட்சியின் சிறு புத்தகம் ஒன்று காலனியில் வீடுவீடாக வந்தது. தெலுங்கில் ஒரு பக்கம், ஆங்கிலத்தில் ஒரு பக்கம். 'அறிவுலகத்தினர் கலந்தாய்ந்து வழங்கிய பரிந்துரைகள்' என்று ஒரு பகுதி. திருமணப் பதிவுக்கே பெற்றோர் இசைவு வேண்டும், அரசு அதற்குச் சட்டம் கொண்டுவர வேண்டும். நான்கு பிரிவுகள். மண்டபம் என்ற இடத்தில் பதிவு அலுவலகம் என்று மாற்றியிருந்தார்கள். மற்றபடி என் வரிசை, என் மூன்று வேலை நாட்கள், என் ஒப்புகை அட்டை. எனக்குத் தெலுங்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். நான்காவது பிரிவை மட்டும் கூட்டாமலே படிக்க முடிந்தது.

இந்த மாதிரி வட்டங்களைப் பற்றிப் பேசும்போது, வயசானவர்கள் பொழுதுபோகாமல் பேசுகிறார்கள், அதனால் என்ன ஆகிவிடும் என்பார்கள். அரசியல்வாதியிடம் கோபம் இருக்கும், கூட்டம் இருக்கும். நான்கு ஒழுங்கான வாக்கியம் இருக்காது. அதற்குத்தான் அவன் கடைசி வரிசையில் வந்து பொறுமையாக உட்காருகிறான். நாங்கள் காபி குடித்துக்கொண்டே கொடுத்து அனுப்புகிறோம்.

என் மகளின் கல்யாணம் பதிவு அலுவலகத்தில் நடந்தது. வெவ்வேறு மதத்தவர் என்பதால் முப்பது நாள் அறிவிப்பு, யார் வேண்டுமானாலும் ஆட்சேபிக்கலாம் என்று பெயரும் முகவரியும் சுவரில். அந்தப் பலகையைப் பார்த்தபோது, கடைசி வரிசைக்காரர் அங்கேயும் நின்று ஒரு நகல் கேட்பார்போல இருந்தது. யாரும் ஆட்சேபிக்கவில்லை. நாகர்கோவிலிலிருந்து யாரும் வரவும் இல்லை. பையன் வாசல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தான்.

சாட்சிகள் மூன்று பேர் வேண்டும். எனக்கு அது தெரியும். அதற்காகவே பையில் ஆதார் நகலும் இரண்டு புகைப்படங்களும் வைத்திருந்தேன். குமாஸ்தா "விட்னெஸ் எவரண்டி?" என்று கேட்டார். மகள் அலுவலகத் தோழிகள் இரண்டு பேரைக் கூப்பிட்டாள். பிறகு, "அம்மா, நீ வா," என்றாள். என் பக்கம் பார்த்தாள். கோபமாகப் பார்க்கவில்லை. பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டாள்.

குமாஸ்தாவின் பேனா எழுதவில்லை. என் சட்டைப்பையில் இருந்ததை அவரே கைநீட்டிக் கேட்டார். கொடுத்தேன். மகள் கையெழுத்துப் போட்டாள், பையன் போட்டான், மூன்று சாட்சிகளும் போட்டார்கள்.

மேஜைமேல் படிவம் என் பக்கம் திரும்பியிருந்தது. இரண்டாம் பக்கத்தில், மணமகன் தாயாரின் முகவரி இருக்க வேண்டிய கட்டம் காலியாக இருந்தது. பின்கோடு வரை எனக்கு மனப்பாடம். குமாஸ்தா அதைக் கவனிக்காமல் முத்திரை குத்தினார். என் பேனா அவர் கையிலேயே இருந்தது. நான் திருப்பிக் கேட்கவில்லை.